மிச்சப் பாதி எவ்வளவு வரும், அண்ணை?

வன்னியிலுள்ள உதைபந்தாட்டக் கழகங்களின் நிர்வாகங்களுக்கும், லீக் நிர்வாகிகளுக்கும், வருசா வருசம் கிண்ணம் வைத்துச் சுற்றுப்போட்டி நடத்துகிற குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களில் ஒருவன். விளையாட வருகிற எங்கள் பொடியங்கள் இழக்கிற நாள் கூலியைப் பற்றித்தான் இந்த மடல். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓர் ஊர்க் கழகத்தில் பதினொரு வருசம் செயலாளராக இருந்தேன். அதற்கு முன்னர் பின்வரிசையில் விளையாடினேன். உதைத்தால் பந்து தூரம் போகும். எந்தப் பக்கம் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கழகத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு ஆட்களைப் பற்றியதாகிவிடும். பிழையில் பெரிய பங்கு என்னுடையது என்பதால் என்னைப் பற்றி மட்டும் தாராளமாக எழுதுகிறேன்.

இரண்டு வருசத்துக்கு முன், பெரும்போக வெட்டு முடிகிற நேரம், எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். பங்குனியில் ஒரு பெரிய ஞாபகார்த்தக் கிண்ணம் வருகிறது, முதற்பரிசு ஒரு இலட்சம் ரூபா. அதற்கு அணி தெரிவு செய்வதற்கான கூட்டம் அது. எங்கள் முன்வரிசையில் இடது பக்கம் ஆடுகிற தம்பி கடைசியாக எழும்பினான். மேசனோடு கை உதவியாகப் போகிற பொடியன், வயது இருபத்திரண்டு. பேசுகிற பழக்கம் இல்லாதவன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்:

"பின்னேரம் மூண்டு மணிக்குப் பயிற்சி எண்டால் மேசன் என்னை அரை நாளோட அனுப்பிப்போடுறார். பத்து நாளுக்கு அரைச் சம்பளம் போகுது. அதில பாதியைக் கழகம் தந்தாலும் காணும்."

நாள் கூலி 2,500 ரூபா. அரை நாள் 1,250. பத்து நாளைக்கு 12,500. அதில் பாதி 6,250. அவன் கேட்டது அவ்வளவுதான்.

நான் எழும்பிப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். "தம்பி, மெஸ்ஸி எண்டவன் ஆரு? பார்சிலோனாவுக்காகப் பாதிச் சம்பளத்துக்கு விளையாட ஓமெண்டவன். கழகம், கிண்ணம் எண்டால் அப்பிடி ஒரு பற்று இருக்கோணும். நீங்கள் என்னடா எண்டால் ஆறாயிரத்துக்குக் கணக்குப் பார்க்கிறியள்" என்றேன். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அவருக்கு மிச்சப் பாதி எவ்வளவு வரும், அண்ணை?"

மண்டபம் சிரித்தது. அவன் நக்கலுக்குக் கேட்டானா, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் என்னிடம் இல்லை. "அதை விடு" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு வீட்டில் போனில் தேடினேன். 2021 தையில் எல் முண்டோ என்ற ஸ்பெயின் பத்திரிகை மெஸ்ஸியின் ஒப்பந்தத்தை வெளியிட்டிருந்தது. எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து, வரிக்கு முன்னால், நான்கு பருவங்களுக்கு 55 கோடி யூரோவுக்கு மேல். அப்படியென்றால் மிச்சப் பாதி வருசத்துக்கு ஏழு கோடி யூரோவுக்குக் கிட்ட வரும். அதை ரூபாவாக்கிப் பார்ப்போம் என்று இருந்து, சைபர்களை எண்ணுவதில் இரண்டு தரம் பிழை விட்டு, போனை வைத்துவிட்டுப் படுத்தேன்.

அதோடு மெஸ்ஸியின் கதையை நான் சொன்ன விதமும் சரியில்லை. பாதிக்கு அவர் ஓமென்றது உண்மை. 2021 ஆவணி 8ஆம் திகதி கண்ணீரோடு அவரே சொன்னார். ஆனால் அந்தப் பாதியும் உதவவில்லை. ஒரு கழகம் தன் வருமானத்துக்கு ஏற்றபடிதான் வீரர்களுக்குச் செலவழிக்கலாம் என்று ஸ்பெயின் லீக்கில் வரம்பு இருக்கிறது. பார்சிலோனாவின் கடன் தலைக்கு மேல் போயிருந்தது. அவரைப் பதிவு செய்ய முடியவில்லை, பாரிசுக்குப் போனார். நிர்வாகம் கண்டபடி செலவழித்த காசுக்கு வீரன் சம்பளத்தைக் குறைத்தும் ஈடு செய்ய முடியாமல் போன கதை அது. இதைத்தான் நான் பற்றுக்கு உதாரணமாகக் கூட்டத்தில் எடுத்துவிட்டேன்.

உதாரணம் வேண்டுமென்றால் அதே கிழமையில் பார்சிலோனாவின் பின்வரிசை வீரர் பிக்கே செய்ததைச் சொல்லியிருக்கலாம். பிக்கே தன் சம்பளத்தைப் பெரிய அளவில் குறைத்தார். அப்படிக் குறைத்ததால்தான் புதிதாக வந்த மெம்பிஸ் டிபாயையும் எரிக் கார்சியாவையும் கழகத்தால் பதிய முடிந்தது. ஆவணி 15ஆம் திகதி ரியல் சொசியடாட்டோடு முதல் ஆட்டம். பார்சிலோனா 4-2 என்று வென்றது. முதல் கோலைத் தலையால் அடித்தவர் பிக்கே. தான் விட்ட காசு எந்த இரண்டு பேராக மாறி மைதானத்தில் நிற்கிறது என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

எங்கள் தம்பி விட்ட 6,250 ரூபா என்னவாக மாறியது தெரியுமா? அதே கிண்ணத்துக்கு அரையிறுதியில் இருந்து மூன்று வெளியாட்களை இறக்கினோம். ஆளுக்கு 15,000. வான் வாடகை 18,000. சாப்பாடு வேறு. இவ்வளவுக்கும் அவனிடம் கழகத்தில் காசில்லை என்றுதான் சொல்லியிருந்தோம்.

இந்தப் பேச்சு என் வாயில் இருந்து மட்டும் வரவில்லை என்பதால்தான் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். துணுக்காய்ப் பக்கம், நெடுங்கேணிப் பக்கம், மன்னார்ப் பெருநிலத்தில் என்று பல மைதானங்களில் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கியிலும் கேட்டிருக்கிறேன். உலகத்திலுள்ள பெரிய வீரர்கள் எல்லாம் கிண்ணத்துக்காகக் காசை விடுகிறார்கள், எங்கள் பொடியங்கள் மட்டும் காசு காசு என்கிறார்கள் என்று. ஆகவே அந்தப் பெரிய வீரர்கள் எப்படி விடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 'ஃபுட்போல்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கையில் முட்டை மாதிரி ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள், காலுக்கு அதில் பெரிய வேலையில்லை. ஆனால் கிண்ணத்துக்காகச் சம்பளத்தைக் குறைக்கிற கதைக்கு அதுதான் தாய்வீடு. அங்கே 1994 தொடக்கம் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரே வரம்பு. 2024இல் அது 25 கோடி 54 இலட்சம் டொலர். பணக்கார அணியென்றாலும் வரம்பு அதேதான். பானை ஒன்று, அதில் ஒருவர் அகப்பையைக் குறைத்து அள்ளினால் மிச்சம் மற்றவர்களின் தட்டுக்குப் போகும், முதலாளியின் மடிக்குள் போவது கடினம்.

டொம் பிறேடி என்பவர் நியூ இங்கிலாண்ட் அணியில் இதைத்தான் செய்தார். 2013இல் மூன்று வருச நீடிப்புக்கு 2 கோடி 70 இலட்சம் டொலருக்கு ஒத்துக்கொண்டார். அதே வருசம் ஜோ ஃபிளாக்கோ என்ற இன்னொருவர் ஆறு வருசத்துக்கு 12 கோடிக்கு மேல் வாங்கினார், வருசக் கணக்கில் பிறேடியைப் போல இரண்டு மடங்குக்கும் கூட. பிறேடி அதற்குப் பிறகு அந்த அணியோடு மூன்று தரம் சம்பியன் ஆனார். பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் குறைத்த பிறகும் கையில் வந்தது கோடிக்கணக்கில். விளம்பர வருமானம் தனி. அவருடைய மனைவியாக அப்போது இருந்தவர் உலகத்திலேயே கூடுதலாக உழைத்த மொடல்களில் ஒருவர். அந்த வீட்டில் உலை கொதிக்காமல் போகாது. எங்கள் தம்பியின் வீட்டில் அம்மாவுக்கு இடுப்பு நோ, தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள்.

இப்படிக் குறைத்தவர்கள் எல்லாரும் எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை அவர்களும் அவர்களுடைய சட்டத்தரணியும் இருந்து பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களால் முடிந்திருக்கும். வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தில் கை வைத்தார்கள். உதைபந்தாட்ட உலகம் முழுக்க இப்படி என்றும் நினைக்க வேண்டாம். உலக வீரர்களின் சங்கமான ஃபிஃப்புரோ 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 54 நாடுகளில் 14,000 பேர் அளவில் கேட்டு எழுதியது. தொழிலாக ஆடுகிறவர்களிலேயே 45 சதவீதம் பேருக்கு மாதம் 1,000 டொலருக்குக் குறைவு. 41 சதவீதம் பேருக்கு அதற்கு முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் பிந்தி வந்திருக்கிறது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது மேலே மிதக்கிற ஆடையை மட்டும்.

நான் தேடியதில் என்னை ஆகக் குழப்பிய ஆள் இவர்களில் யாரும் இல்லை. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கழகத்துக்கே ஆடிய டொம் ஃபின்னி. இங்கிலாந்துக்காக 76 ஆட்டம், 30 கோல். தொழில், தண்ணீர்க் குழாய் பொருத்துவது. பந்து விளையாடப் போவதென்றால் முதலில் கைத்தொழிலைப் பழகி முடி என்று தகப்பன் சொல்லி, பழகினார். நாட்டின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான பிறகும் குழாய் வேலையை விடவில்லை. விட முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எந்த வீரனுக்கும் ஓர் அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று லீக்கின் விதி. 1960இல் ஃபின்னி ஓய்வு பெறும்போது அந்த அளவு வாரத்துக்கு 20 பவுண். 1952இல் இத்தாலியின் பலேர்மோ கழகம் அவருக்குச் சேர்வதற்கு மட்டுமே 10,000 பவுண் தருவதாகச் சொன்னது. பிரெஸ்டன் நிர்வாகம் விடமாட்டோம் என்றது. அவர் இருந்தார். இருந்து என்ன கிடைத்தது? 1954இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் 3-2 என்று தோற்றார்கள். லீக்கில் இரண்டு தரம் இரண்டாமிடம். ஒரு பெரிய கிண்ணமும் அவர் கைக்கு வரவில்லை.

1961 தையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எழும்பிய பிறகுதான் அந்த உச்சவரம்பு போனது. வீரர்களின் சங்கத்தை நடத்தியவர் ஜிம்மி ஹில். ஃபுல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெய்ன்ஸ் உடனடியாக வாரத்துக்கு 100 பவுண் வாங்கினார். அதுவரைக்கும் கழகங்கள் வீரர்களிடம் சொல்லிவந்தது நான் மண்டபத்தில் எழும்பிச் சொன்னதைத்தான்: ஊருக்காக, சட்டைக்காக, கிண்ணத்துக்காக. நுழைவுச்சீட்டு விற்ற காசு மட்டும் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

குழாய் வேலைக்காரர் ஃபின்னியையும் மேசன் வேலைக்குப் போகிற எங்கள் பொடியனையும் என்னால் இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. மெஸ்ஸியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் நிறுத்தினேன் பாருங்கள், அதுதான் என் அறியாமை.

நீங்கள் இப்போது என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்களும் ஒரு சதம் வாங்காமல்தானே விளையாடினோம்." உண்மைதான். 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் மைதானத்தின் ஒரு மூலையில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நின்றது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் அந்த மூலையை முடிக்கிறவரை அந்தப் பக்கம் மூலை உதை கிடையாது, நேரே மத்தியில் வைத்து அடிப்பது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். பந்து உள்ளே போனால் போனதுதான், அழுதாலும் எடுக்கப் போகக் கூடாது. கோல் கம்பத்துக்குப் பனஞ்சலாகை. தகரக் கொட்டில்களில் இருந்துகொண்டு, நிவாரண அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டு ஓடினோம். யாருக்கும் ஒன்றும் இல்லை, கழகத்துக்கும் இல்லை. அந்த நாட்களை யாரும் இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இன்றைக்கு அப்படியில்லையே. பதிவுக் கட்டணம் வருகிறது. கடைக்காரர் அனுசரணை தருகிறார். கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் காசு வருகிறது. மின்னொளி, பந்தல், அறிவிப்பாளர், முகநூலில் நேரலை. இவை எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கிறோம். மின்பிறப்பாக்கிக்காரன் பற்றுக்காக இலவசமாக வரட்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. ஓடுகிறவனிடம் மட்டும் கேட்கிறோம்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் ஒரு விளக்கம் இருக்கிறது, லீக் நிர்வாகிகளுக்குத் தெரியாததல்ல. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, விளையாடுவதற்கு ஆகிற செலவுக்கு மேலாகக் காசு வாங்குகிறவன் தொழில்முறை வீரன். மற்றவர்கள் எல்லாரும் தொழில்முறை அல்லாதவர்கள். எங்கள் மைதானத்தில் இதை வைத்து ஆளை வகைப்படுத்திப் பாருங்கள். 15,000 வாங்கிக்கொண்டு ஒரு நாளைக்கு வருகிற வெளியாள் அரைத் தொழில்முறை: காசு இருக்கிறது, எழுத்து இல்லை. ஊர்ப் பொடியனுக்கு ஆகிற செலவும் கிடைப்பதில்லை. விளையாட வருவதற்கு அவன் தன் கூலியை இழக்கிறான், அதாவது எங்களுக்குக் காசு தந்துதான் விளையாடுகிறான். காசு தந்து விளையாடுகிறவனுக்கு என்று ஃபிஃபாவும் தனியாக ஒரு வகை எழுதி வைக்கவில்லை.

வெளியாட்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் எங்கேயோ ஒரு வீட்டுப் பிள்ளைகள். திறமைக்கு விலை கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். எங்கள் இறுதியாட்டம் தண்ட உதைக்குப் போய்த் தோற்றது. விட்ட இரண்டு உதையில் ஒன்று வெளியாளுடையது, மற்றது எங்களுடையது. பரிசளிப்புக்கு முன்னமே அவர்களுடைய வான் புறப்பட்டுவிட்டது. இரண்டாமிடப் பதக்கத்தை அவர்களுக்காகக் கூப்பிட்டபோது ஆளில்லை. அந்த மூன்று பதக்கமும் என் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது, யாருக்கு அனுப்புவதென்று தெரியாமல்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடுத்த பருவம் எங்கள் தம்பி போய்விட்டான். பரந்தன், பூநகரி தாண்டி, ஏ32 வீதியால் மன்னார்ப் பக்கம் ஒரு கழகத்துக்கு. மன்னார் உதைபந்து ஊறிய மண், அங்கிருந்து தேசிய அணிக்கே பொடியங்கள் போயிருக்கிறார்கள். காசு கூடக் கொடுத்து இழுத்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நான் விசாரித்தேன். போக்குவரத்துக் காசும் சாப்பாடும் மட்டும். ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு நாள் கூலி முழுதாய்ப் போகிறது. இரண்டு போட்டியிலேயே அவனுடைய நட்டம் நாங்கள் கொடுக்காத 6,250ஐத் தாண்டிவிடும். ஏன் போனாய் என்று கேட்டால் சொன்ன பதில்: "அவங்கள் கிண்ணம் எடுக்கிற அணி அண்ணை. எனக்கும் ஒருக்கால் எடுத்துப் பார்க்கோணும்."

கிண்ணத்துக்காகக் காசை விடுகிற வீரன் எங்கே, எங்கே என்று தேடினோமே. இவன்தான் அவன். எங்களை விட்டுப் போனதால் எங்களுக்கு அவனைத் தெரியவில்லை.

அவனைக் கழக வட்சப் குழுவில் ஒருவர் "துரோகி" என்று எழுதினார். பதினைந்து பேர் கை தட்டி விட்டிருந்தார்கள். உதைபந்து விளையாட்டுக்கு இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். வேறு ஊர்களில் அது கோபத்தில் வருகிற ஒரு வசவாக இருக்கலாம். இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று என் வயதுக்காரருக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. குழுவை நடத்தியவன் நான்தான். உடனே அழித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் அழித்தேன்.

போனவனுக்குக் கிண்ணம் கிடைத்ததா? இல்லை. அந்த வருசம் அவர்கள் இரண்டாம் சுற்றோடு வெளியே. இதுவும் பெரிய இடத்தில் நடக்கிறதுதான். இங்கிலாந்து வீரர் ஹரி கேன் லண்டனின் டொட்டன்ஹாம் கழகத்தில் கோல் கோலாக அடித்தும் ஒரு கிண்ணமும் இல்லாமல் 2023 ஆவணியில் ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக்குக்குப் போனார். வருசா வருசம் சம்பியனாகிற அணி. இவர் போன முதல் இரவே ஒரு கிண்ண ஆட்டம், 3-0 என்று தோல்வி. அந்தப் பருவம் லீக்கை லெவர்குசன் எடுத்தது, பயேர்னுக்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் 2025 வைகாசியில்தான் லீக் வென்றார். பகிடி என்னவென்றால் அதே வைகாசியில் அவர் விட்டுவந்த டொட்டன்ஹாமும் யூரோப்பா லீக் கிண்ணத்தைத் தூக்கியது, அவர்களுக்குப் பதினேழு வருசத்துக்குப் பிறகு வந்த முதற் கிண்ணம். கேன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போகவில்லை, அது வேறு. ஆனால் அவர் போனதற்காக லண்டனில் யாரும் அவரைத் துரோகி என்று எழுதி வைத்ததாக நான் அறியவில்லை.

இத்தாலியின் கோல் காப்பாளர் புஃபோனைப் பாருங்கள். 2006இல் உலகக் கிண்ணம் வென்று வந்த கையோடு, கழகம் ஊழலில் மாட்டி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டபோதும் யுவெண்டஸை விட்டுப் போகாத ஆள். அதே புஃபோன் 2018இல், நாற்பது வயதில், கிடைக்காத சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தேடிப் பாரிசுக்குப் போனார். அங்கே மன்செஸ்டர் யுனைட்டெட்டோடு ஒரு பந்தைக் கையில் இருந்து நழுவவிட்டார், அது கோலாகியது, அணி வெளியேறியது. அடுத்த வருசம் யுவெண்டஸ் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இருந்ததும் அவர்தான், போனதும் அவர்தான்.

ஆகவே போகிற பொடியனுக்கு விலகல் கடிதத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் எடுங்கள். இது என் முதலாவது வேண்டுகோள்.

அடுத்தது எங்கள் கோல் காப்பாளரைப் பற்றியது. இவன் எங்கேயும் போகாதவன், ஒரு சதமும் கேட்காதவன், நாங்கள் மேடையில் உதாரணம் காட்டுகிறவன். போன வருசம் ஓர் ஆட்டத்தில் முன்னால் பாய்ந்து பந்தை எடுக்கும்போது மற்றவனின் சப்பாத்து பட்டு மணிக்கட்டு முறிந்தது. அவனுக்கு வேலை மர ஆலையில், இரண்டு கையும் வேண்டிய வேலை. மூன்று மாதம் வீட்டில் இருந்தான். கழகம் 5,000 ரூபாவும், வருடாந்தக் கூட்டத்தில் ஒரு பொன்னாடையும் கொடுத்தது. பொன்னாடையை நான்தான் போர்த்தினேன். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் கும்பிட முடியாமல் அவன் தலையை மட்டும் குனிந்தான். அந்தப் படம் முகநூலில் நல்லாய் ஓடியது. அந்த மூன்று மாதமும் அவன் வீட்டுக்குக் கடன் கொடுத்தது சந்தியில் உள்ள பலசரக்குக் கடை. கழகம் இல்லை.

ஸ்பெயினில் பாதிச் சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்குக் கால் முறிந்தால் வைத்தியமும் பாதி என்று எங்கேயும் இல்லை. எங்களிடம் காப்புறுதி என்ற பேச்சே கிடையாது. கிண்ணத்துக்கு வாங்குகிற பதிவுக் கட்டணத்தில் அணிக்கு 500 ரூபாவை ஒதுக்கி ஒரு தனிப் பெட்டியில் போட்டால், இருபது அணி வந்தால் 10,000. ஒரு பருவத்துக்கு ஐந்து ஆறு சுற்றுப்போட்டி நடக்கிற ஒரு லீக்கில் அது அரை இலட்சத்துக்குக் குறையாது. பெரிய காசில்லைத்தான். முறிந்த கைக்கு மூன்று மாதச் சோறு அதற்குள் வரும். இதை லீக்குகள் செய்யலாம். கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2023இல் ஏழு மாதம் இலங்கைச் சம்மேளனத்தையே ஃபிஃபா தடை செய்து வைத்திருந்தது, அந்த ஏழு மாதமும் எங்கள் மைதானங்களில் பந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாள் கூலிக்கு வருகிறேன். முழுக் கூலியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, எங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். போட்டிக்கு முந்திய பத்து நாளைக்கு, வேலையை விட்டுவிட்டு வருகிறவனுக்கு மட்டும், இழப்பதில் பாதி. அதையும் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். அரச உத்தியோகத்தில் இருக்கிற பொடியங்கள் அந்தக் காசு தங்களுக்கு வேண்டாம் என்று தாங்களாகவே சொல்வார்கள், எங்கள் கழகத்தில் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேர் உடனேயே சொன்னார்கள். சம்பளத்தை விடுவது என்றால் அதுதான். மாதச் சம்பளம் வருகிறவன் விடலாம், அவன் விட்டது பக்கத்தில் நிற்கிற மேசன் பொடியனுக்குப் போகிறது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு பேர் விடுவார்கள். இன்னொன்று, பயிற்சியை மூன்று மணியில் இருந்து ஐந்து மணிக்குத் தள்ளினால் பாதிப் பிரச்சினை காசில்லாமலே தீர்ந்துவிடும். பதினொரு வருசம் செயலாளராக இருந்த எனக்கு இது தோன்றவில்லை. ஒருநாள் தேத்தண்ணி ஊத்திக்கொண்டே என் மனைவிதான் சொன்னாள்.

வெளியாட்களுக்கு ஒரு வரம்பு வையுங்கள். அணிக்கு இரண்டு பேர், அதுவும் முதலாம் சுற்றுக்கு முன்னமே பதிந்திருக்க வேண்டும், அரையிறுதியில் வானில் வந்து இறங்கக் கூடாது. அவர்களுக்குக் கொடுக்கிற காசு எவ்வளவு என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறட்டும். எங்கள் கணக்கில் அந்த 45,000 ரூபா "இதர செலவு" என்று கிடக்கிறது. எழுதினது என் கைதான்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவின் ஞாபகமாகக் கிண்ணம் வைக்கிறீர்கள், அந்த மனசுக்கு நன்றி. ஆனால் கிண்ணம் வருசா வருசம் வளர்கிறது. போன வருசத்துக் கிண்ணத்தை மேடைக்கு ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது, பக்கத்தில் நின்ற எங்கள் தலைவரைவிட உயரம். அதில் ஒரு அடி குறைத்தால் இரண்டு சோடி பூட்ஸ் வாங்கலாம். முதற்பரிசில் பத்தில் ஒன்றைக் காயப்பட்டவர்களுக்கான பெட்டிக்கு என்று நீங்களே எழுதி அனுப்பினால், இங்கே எந்த நிர்வாகமும் மறுத்துப் பேசாது. நாங்கள் சொன்னால் கேட்காத விடயம் கூட, கனடாவில் இருந்து சொன்னால் நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்த மடலை எழுதி முடிக்கிறதுக்கு முதல் தம்பியைப் போய்ப் பார்த்தேன். தர்மபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பிளாட் போடுகிற வேலை நடந்தது, சீமெந்துக் கலவையில் நின்றான். எழுதுகிறேன், உன் பெயர் வராது என்றேன். சரி என்றான். ஏழு கோடி யூரோ என்ற கணக்கையும் சொன்னேன், இரண்டு வருசம் பிந்தித்தான். தலையை ஆட்டிவிட்டு, "அப்ப அவர் பாதிக்கு ஓமெண்டது சரிதான்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினான்.

எங்கள் கழகத்தின் பொதுக்கூட்டம் வருகிற மாத முதல் ஞாயிறு பின்னேரம். பயிற்சி நேரமும் நாள் கூலியும் நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன. அயல் ஊர்க் கழகங்களில் இருந்து யாராவது வந்து கேட்க விரும்பினால் வாருங்கள். கணக்குப் புத்தகத்தையும் அந்த மூன்று பதக்கத்தையும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான முன்னாள் செயலாளர்